சாட்சிக் கூண்டில் யார் ஏறுவது?



2024 ஜனவரியில் டெல்லி கீதா காலனி மேம்பாலத்துக்கு அடியில் ஓர் ஆணின் உடல் கிடந்தது. கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள். யார், எவர் என்று சொல்ல எதுவும் அகப்படவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் இறந்தவரின் முகத்தைப் படம் பிடித்துச் சுவரொட்டி அடிப்பது போலீஸின் பழைய வழக்கம். ரயில் நிலையத் தூணிலும் காவல் நிலைய அறிவிப்புப் பலகையிலும் நீங்களும் அவற்றைப் பார்த்திருப்பீர்கள். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். சாவு முகத்தை அப்படி மாற்றிவிடுகிறது, பெற்றவளே பார்த்தாலும் தயங்குவாள். டெல்லி போலீஸார் இந்த முறை அந்தப் படத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கொடுத்தார்கள். மூடிய கண்கள் திறந்தன, பின்னணி மாறியது. உயிரோடு இருப்பவரின் படம்போல வந்ததை 500 சுவரொட்டிகளாக அச்சடித்து ஒட்டினார்கள், வாட்ஸப் குழுக்களிலும் அனுப்பினார்கள். ஒருவர் பார்த்துவிட்டு, ‘இது என் அண்ணன்’ என்றார். விசாரணை அங்கிருந்து நகர்ந்து கைதுகளில் வந்து நின்றது.

மரண விசாரணையில் செயற்கை நுண்ணறிவைப் பற்றி இந்த மாதம் எழுதத் தோன்றியதற்கு இந்தச் செய்தி ஒரு காரணம். வாசகி ஒருவரின் கடிதம் இன்னொரு காரணம். ‘இனிமேல் கம்ப்யூட்டரே சாவுக்குக் காரணம் சொல்லிவிடுமாமே, போஸ்ட்மார்ட்டமே தேவையில்லையாமே, நிஜமா?’ என்று கேட்டிருந்தார். அறிவியல் ஆர்வத்தில் கேட்ட கேள்வியாக எனக்குத் தெரியவில்லை. அதில் ஓர் ஏக்கம் இருந்தது.

அந்த ஏக்கம் புரிய வேண்டுமானால் அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் ஒரு முற்பகல் நின்றால் போதும். உள்ளே போக யாருக்கும் அனுமதி இல்லை, வெளியே போக யாருக்கும் மனமில்லை. ஒரு கான்ஸ்டபிள் கையில் காகிதங்களை வைத்துக்கொண்டு டாக்டர் வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்க்கிறார். வெள்ளைத் துணியும் பன்னீரும் வாங்கிவரச் சொல்லி யாரையோ அனுப்புகிறார்கள். ஆம்புலன்ஸ்காரர் வாடகை பேசுகிறார். பெரியவர் ஒருவர் கண்ணில் படுகிற வெள்ளைக் கோட்டுகளை எல்லாம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறார். ‘அறுக்காம குடுத்துருங்கய்யா.’ சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவாகிவிட்ட பிறகு அந்த வேண்டுகோளை ஏற்க டாக்டரால் முடியாது. அது பெரியவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறார்.

அறுக்காமல் பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய முயற்சி அது. ‘விர்டாப்சி’ என்று பெயர் வைத்தார்கள். உறையில் வைத்த உடலை உறையோடு சி.டி. ஸ்கேனுக்குள் அனுப்பி, எலும்பு முறிவு, உள்ளே தங்கிய குண்டு, மூளை ரத்தக்கசிவு எல்லாவற்றையும் திரையில் பார்ப்பது. டெல்லி எய்ம்ஸில் 2021-ல் இது வந்தது. ஓர் உடலுக்கே நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்கள் குவிகின்றன. அவற்றைச் சலித்து, ‘இந்த விலா எலும்பைப் பாருங்கள், இங்கே ஒரு கோடு தெரிகிறது’ என்று காட்டுகிற வேலையைத்தான் இப்போது இயந்திரத்துக்குப் பழக்குகிறார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் இறந்துபோன 15,000-க்கும் மேற்பட்டவர்களின் முழு உடல் ஸ்கேன்களைத் தொகுத்து ஆய்வாளர்களுக்குத் திறந்துவைத்திருக்கிறது. இப்படிப்பட்ட தொகுப்பு இல்லாமல் இந்தப் பயிற்சி நடக்காது.

ஏனென்றால் உயிருள்ளவர்களின் ஸ்கேனைப் பார்த்துப் பழகிய மென்பொருள் பிணத்தின் முன்னால் தடுமாறும். இறந்த சில மணி நேரத்தில் ரத்தம் நுரையீரலின் பின்பக்கமாக இறங்கித் தேங்கும்; நிமோனியா என்று நினைக்கத் தோன்றும். அழுகத் தொடங்கிய உடலில் வாயு கிளம்பி ரத்தக்குழாய்களில் நிற்கும். காயத்தால் புகுந்த காற்று என்று நினைக்கத் தோன்றும். அனுபவமுள்ள டாக்டர் இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கிவிடுவார். அப்புறம், ஸ்கேனுக்கு மூக்கு கிடையாது. வயிற்றைத் திறந்ததும் எழும் பூச்சிமருந்து நெடி எந்தப் படத்திலும் பதியாது. விஷத்தைக் கண்டுபிடிக்க இரைப்பையும் கல்லீரலும் சிறுநீரகமும் பாட்டிலில் அடைபட்டு, உப்புக் கரைசலில் மிதந்து, தடய அறிவியல் கூடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆக, வாசகியின் கேள்விக்குப் பதில்: சில சாவுகளில் கத்தியைக் குறைக்கலாம். எல்லாவற்றிலும் முடியாது.

காரணத்துக்கு அடுத்தபடி இன்ஸ்பெக்டர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். ‘செத்து எவ்வளவு நேரம் இருக்கும் டாக்டர்?’ ‘அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை’ என்கிற அலிபி மாளிகை முழுக்க இந்தப் பதிலின் மீது நிற்கிறது. உடல் விறைத்த அளவு, ரத்தம் தேங்கிய நிறம், சூடு ஆறிய கணக்கு என்று மருத்துவர்களுக்குப் பழைய கருவிகள் உண்டு. சூட்டுக் கணக்கில் ஜெர்மானியர் கிளாஸ் ஹென்ஸ்கே வகுத்த வரைபடம் உலகம் முழுக்கப் புழங்குகிறது. எல்லாம் ஒத்துவந்தாலே அதில் முன்னும் பின்னும் சுமார் 2.8 மணி நேரம் பிசகலாம். அதுவும் உடல் ஆறுகிற ஊரில். மே மாதத்து வேலூரில் மதிய வெயில் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது 37 டிகிரி உடல் எங்கே ஆறும்?

இந்தக் கேள்வியில் சறுக்கியவர்களில் மிகப் பெரியவர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மானுடவியலாளர் வில்லியம் பாஸ். 1977 டிசம்பரில் ஃபிராங்க்ளின் என்ற ஊரில் பழைய கல்லறை ஒன்றை யாரோ தோண்டிப்போட்டிருந்தார்கள். அங்கே தலையில்லாத ஓர் உடல். சதை இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. யாரையோ கொன்று பழைய குழியில் ஒளிக்கப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாஸ் பார்த்துவிட்டு, இறந்து ஓராண்டுக்கு மேல் இருக்காது என்றார். உடைகளையும் பற்களையும் ஆராய்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த உடல் கல்லறைக்குச் சொந்தக்காரருடையதே. 1864 டிசம்பரில் நாஷ்வில் போரில் விழுந்த கர்னல் வில்லியம் ஷை. மருந்து ஏற்றி, வார்ப்பிரும்புப் பெட்டியில் காற்றுப் புகாமல் அடைத்துப் புதைத்திருந்ததால் உடல் கெடவில்லை. பிழை 113 ஆண்டுகள்!

பாஸ் இதை மறைக்கவில்லை. ஊரெல்லாம் தானே சொல்லிச் சிரித்தார். சிரித்ததோடு விடாமல், மனித உடல் எப்படி அழுகுகிறது என்று கண்ணால் பார்த்துக் குறிப்பெடுக்க நாக்ஸ்வில் நகரில் டென்னசி பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு நிலத்தைக் கேட்டுப் பெற்றார். 1980-களின் தொடக்கத்திலிருந்து தானமாக வந்த உடல்கள் அங்கே நிழலிலும் வெயிலிலும் மண்ணுக்கடியிலும் கிடத்தப்பட்டு, நாள்தோறும் கவனிக்கப்படுகின்றன. ‘பாடி ஃபார்ம்’ என்று உலகம் அழைக்கிற இடம் அதுதான்.

இன்றைய செயற்கை நுண்ணறிவு ஆய்வுகளில் பலவும் அந்த நிலத்தின் வழிவந்தவை. 2024-ல் ‘நேச்சர் மைக்ரோபயாலஜி’ இதழில் வந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். டென்னசி, டெக்சாஸ், கொலராடோ ஆகிய மூன்று இடங்களில் தானமாக வந்த 36 உடல்களை வெவ்வேறு பருவங்களில் வைத்து, 21 நாட்கள் தோலிலிருந்தும் அடியிலிருந்த மண்ணிலிருந்தும் நுண்ணுயிரிகளை எடுத்தார்கள். மூன்று இடத்திலும் தட்பவெப்பம் ஒரே மாதிரி இல்லை. ஆனாலும் அழுகும் உடலுக்கு வந்து சேரும் நுண்ணுயிர்க் கூட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அது எந்த நாளில் எப்படி மாறுகிறது என்பதைக் கற்ற கணினி, இறந்த நாளைச் சுமார் மூன்று நாள் பிசகுக்குள் சொன்னது. இரண்டு வாரம் கழித்துக் கருவேலங்காட்டில் கிடைக்கும் உடலுக்கு இது பெரிய உதவி. நேற்று ராத்திரி பத்து மணியா பன்னிரண்டு மணியா என்ற வழக்குக்குச் சல்லிக்காசு பிரயோசனம் இல்லை. நம் மண்ணின் ஈரத்துக்கும் வெயிலுக்கும் இந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இங்கே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். டென்னசியிலிருந்து இறக்குமதி செய்ய முடியாது.

‘கிணற்றில் விழுந்தாளா, கொன்று போட்டார்களா?’ நம் கிராமங்களில் தலைமுறைகளாகக் கேட்கப்படும் கேள்வி. உயிரோடு மூழ்கியவர் தண்ணீரை மூச்சோடு உள்ளே இழுக்கிறார். அதிலிருக்கும் டயாட்டம் என்ற நுண்பாசி ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போய்விடும். மஜ்ஜையை அமிலத்தில் கரைத்தாலும் பாசியின் கண்ணாடி போன்ற ஓடு கரையாது. அதை நுண்ணோக்கியில் தேடி எண்ணுவது கண்ணைப் பிடுங்குகிற வேலை. சீனாவின் குவாங்சோ தடயவியல் ஆய்வாளர்கள் படங்களில் ஓடுகளைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்கியிருக்கிறார்கள். களைப்பில்லாமல் எண்ணும். எண்ணியதை வைத்து மூழ்கிச் செத்தாரா என்று முடிவுசெய்வது மறுபடியும் மனிதர் பாடு.

எனக்குப் பிடித்த பயன்பாடு இவை எதுவுமில்லை. காகிதம் படிப்பதுதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் 2022-ல் ஒரு காரியம் செய்தார்கள். மரண விசாரணை அதிகாரிகள் தங்கள் வாக்கியங்களில் எழுதிவைத்த காரணங்களைக் கணினிக்குப் படிக்கக் கொடுத்து, போதைமருந்துச் சாவுகளை உடனுக்குடன் பிரித்தெடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். முடிந்தது. மாதக்கணக்கில் காத்திருந்து வரும் புள்ளிவிவரம் சீக்கிரமே கைக்கு வரலாம் என்றார்கள்.

கேட்பதற்குச் சுவாரசியமில்லாத ஆராய்ச்சிதான். ஆனால் கள்ளக்குறிச்சியை நினைத்துப் பாருங்கள். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். முதல் சாவுகளுக்கு வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. துக்கத்துக்குப் போன இடத்திலேயே மறுபடியும் அதே சரக்கைக் குடித்தவர்கள் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டுதான் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே கதை நடந்திருந்தது. ஒரே தாலுக்காவில், ஒரே நாளில், வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் என்று பதிவாகும் குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் படித்து, ‘இங்கே ஏதோ சரியில்லை’ என்று ஒரு மணியை அடிக்க இயந்திரத்துக்கு ஞானம் வேண்டாம். குறிப்புகள் உடனே, ஒழுங்காக, படிக்கிற எழுத்தில் இருந்தால் போதும்.

அங்கேதான் சிக்கல். இயந்திரம் படிப்பது நாம் எழுதிவைத்ததை. நாம் எழுதிவைத்தது எல்லாம் உண்மையா?

1980-களின் செய்தித்தாள்களைப் புரட்டியவர்களுக்கு ஒரு தலைப்பு மறக்காது: ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’. வீட்டுக்கு வீடு அதே மண்ணெண்ணெய் ஸ்டவ். மாமியாரும் அதில்தான் சமைத்தார், நாத்தனாரும் அதில்தான் சமைத்தார். வெடித்ததென்னவோ புது மருமகளின் கை பட்டபோது மட்டும். அவற்றில் எத்தனையோ கோப்புகள் ‘விபத்து’ என்று மூடப்பட்டன. பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் 1986-ல் வரதட்சணை மரணம் தனிக் குற்றமாகச் சட்டத்தில் ஏறியது. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை என்பது இன்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. அந்தக் காலத்துக் கோப்புகளை மட்டும் ஒரு கணினிக்குக் கொடுத்துப் பழக்கியிருந்தால் அது என்ன கற்றிருக்கும்? புதுப்பெண்களுக்கு அடுப்படியில் கவனம் போதாது என்று கற்றிருக்கும். தொண்ணூறு சதவீதத் துல்லியம் என்று விளம்பரமும் செய்திருப்பார்கள். சட்டத்தை மாற்றியவர்கள் அந்தக் கோப்புகளை நம்ப மறுத்த மனிதர்கள்.

இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பத்தாண்டுகளில் இறந்த சிறு குழந்தைகளின் இறப்புச் சான்றிதழ்களை இட்டியல் ட்ரோர் குழு 2021-ல் ஆராய்ந்தது. விபத்தா கொலையா என்ற முடிவில், கறுப்பினக் குழந்தைகளின் சாவு கொலை என்று பதிவான விகிதம் வெள்ளைக் குழந்தைகளைவிட அதிகம். பிறகு 133 தடயவியல் மருத்துவர்களிடம் ஒரே மருத்துவ விவரங்களைக் கொடுத்து, குழந்தையின் இனத்தையும் யார் பொறுப்பில் இருந்தது என்பதையும் மட்டும் மாற்றிக் கேட்டார்கள். முடிவும் மாறியது. ஆய்வின் முறை சரியில்லை என்று மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இனம், பொறுப்பாளர் இரண்டையும் சேர்த்து மாற்றியதால் எது காரணம் என்று சொல்ல முடியாது என்ற வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனாலும் சான்றிதழில் எழுதியிருப்பதை அப்படியே உண்மை என்று விழுங்குகிற இயந்திரத்தைப் பற்றி யோசிப்பவர்கள் இந்தச் சண்டையைப் படிக்காமல் இருக்கக் கூடாது.

டாக்டரும் தவறலாம், இயந்திரமும் தவறலாம். என் பார்வையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நீதிமன்றத்தில்தான் தெரிகிறது. டாக்டரைக் கூண்டில் ஏற்றலாம். ‘கழுத்திலிருந்த தடம் எத்தனை சென்டிமீட்டர்? அளந்தீர்களா, கண்ணால் பார்த்தீர்களா? நாவடி எலும்பு உடைந்தது சாவுக்கு முன்பா, அறுக்கும்போதா?’ என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வறுத்தெடுக்கலாம். பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 39-ஆம் பிரிவு நிபுணரின் கருத்தை ஏற்கிறது; அந்தக் கருத்துக்கு நீதிபதி கட்டுப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. மென்பொருளை எந்தக் கூண்டில் ஏற்றுவது?

அமெரிக்க நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியை ஏற்கெனவே சந்தித்திருக்கின்றன. 2024-ல் வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்ட்டியில், மூன்று பேர் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கு. கைபேசியில் எடுத்த மங்கலான காணொளியை ஏ.ஐ. கொண்டு பளிச்சென்று ஆக்கி எதிர்த்தரப்பு கொண்டுவந்தது. மூலத்தில் இல்லாத புள்ளிகளை மென்பொருள் தானாக இட்டு நிரப்பியிருக்கிறது என்று சொல்லி நீதிபதி அதை ஏற்க மறுத்துவிட்டார். டெல்லிச் சுவரொட்டியிலும் நடந்தது அதே இட்டு நிரப்பல்தான். திறந்த அந்தக் கண்கள் கணினியின் ஊகம். அங்கே அது தவறில்லை, ஏனென்றால் அது வெறும் துப்பு. ‘என் அண்ணன்’ என்று சொல்ல ரத்தமும் சதையுமாக ஒருவர் வந்தார். துப்பு கொடுப்பதற்கும் சாட்சி சொல்வதற்கும் நடுவே இருக்கும் கோட்டை எந்தக் காரணத்துக்காகவும் அழிய விடக் கூடாது என்பதுதான் இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்தது.

2021-ல் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. ஒரு கொலை வழக்கில் டி.என்.ஏ. கலவையைக் கணக்கிட்ட மென்பொருளின் மூல நிரலை எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. வணிக ரகசியம் என்று நிறுவனம் சொன்னது எடுபடவில்லை. நம் ஊர் விசாரணைக்கும் இப்படி மென்பொருள்கள் வரும். வாங்குகிற ஒப்பந்தத்திலேயே இந்த நிபந்தனையைப் போட்டுவிட வேண்டும். வழக்கு வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

தடய அறிவியல் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் 1849-ல் சென்னையில்தான் தொடங்கியது. ஆளவந்தார் கொலை வழக்கைத் தாத்தா, பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1952-ல் ரயிலில் வந்த டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து மானாமதுரையில் தலையில்லாத உடல் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரையில். உடல் பேனா வியாபாரி ஆளவந்தாருடையதுதான் என்று நிறுவ உதவியவற்றில், அவர் ராணுவத்தில் வேலை பார்த்தபோது எடுத்த கைரேகையும் ஒன்று. யாரோ ஒரு குமாஸ்தா மை தடவி, விரலை உருட்டி, அட்டையில் ஒற்றி, பெயர் எழுதி, கோப்பில் வைத்திருந்தார். பல ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது அது அங்கேயே இருந்தது.

அந்த ஒழுங்கு நம் பிணவறைகளுக்கு முதலில் வேண்டும். உடலின் சூட்டையும் அறையின் சூட்டையும் குறிக்கும் வழக்கம், ஒவ்வொரு காயத்துக்கும் அளவுகோல் வைத்து ஒரு புகைப்படம், தட்டச்சு செய்த அறிக்கை. தேசியத் தகவலியல் மையம் ஹரியானாவில் உருவாக்கிய ‘மெட்லீப்பர்’ போன்ற மென்பொருள்கள் கடைசி வேலைக்கென்றே இருக்கின்றன. காவலில் நிகழும் மரணங்களின் பரிசோதனையைக் காணொளியாக எடுக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1995-லேயே சொன்னது. காணொளியும் புகைப்படமும் மற்ற சந்தேக மரணங்களுக்கும் ஏன் பொதுவழக்கம் ஆகக் கூடாது? இதற்கெல்லாம் செயற்கை நுண்ணறிவு வேண்டாம். ஆனால் இவை இல்லாமல் எந்தச் செயற்கை நுண்ணறிவும் நமக்கு வேலை செய்யாது. கோடிக்கணக்கில் கணினி வாங்குவதற்கு முன்பு ஒவ்வொரு தாலுக்கா மருத்துவமனைப் பிணவறைக்கும் நல்ல விளக்கு, தண்ணீர், கேமரா, வேலைக்குத் தகுந்த ஆள் கொடுங்கள் என்பதே அரசுக்கு என் வேண்டுகோள்.

உங்களுக்கும் ஒன்று. எந்த வீட்டிலும் இப்படிப்பட்ட சாவு நேரக் கூடாது. நேர்ந்துவிட்டால், உடலை வாங்கிக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ‘விசேரா (உள்ளுறுப்பு) அறிக்கைக்குப் பின் இறுதிக் கருத்து’ என்று அதில் இருந்தால் அந்த இறுதிக் கருத்து வந்ததா என்று காவல் நிலையத்தில் விசாரியுங்கள். பலர் அதைக் கேட்பதே இல்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் அறிக்கையில் புரியாத இடங்களை எங்களுக்கு எழுதுங்கள். இறந்தவரின் பெயரும் ஊரும் வேண்டாம், கேள்வி மட்டும் போதும். தடயவியல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு வரும் இதழ்களில் பதில் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்